ரேடார் படத்தை மாணவர்களுக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்லித் தருவது?

நகரிமூக்கு | செவ்வாய், இரவு 9:42

திருத்தணி தாண்டி ஆந்திர எல்லைக்குள், நகரியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறேன். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தமிழ், மீதிப் பேர் வீட்டில் தெலுங்கு, பாடம் இங்கிலீஷில், சண்டை மட்டும் மூன்றிலும். மூன்றாம் ஆண்டுக்கு விருப்பப் பாடமாக வானிலை ரேடார் வைத்திருக்கிறோம். போன வருடம் முதல் முறையாக எடுத்தேன், சொதப்பிவிட்டேன், இந்த வருடமும் அதையே செய்யக்கூடாது என்றுதான் இந்த இழை.

சொதப்பல் என்னவென்றால், நான்கு வாரம் சமன்பாடாகவே ஓட்டினேன். துடிப்பு போகிறது, துளியில் பட்டுத் திரும்புகிறது, திரும்பிய சக்தி இத்தனை, தூரத்தின் வர்க்கத்துக்கு இப்படிக் குறையும் என்று. பரீட்சைக்கு எழுதுகிற மாதிரி எழுதிக்கொண்டார்கள். ஐந்தாம் வாரம், ஆகஸ்ட் மாதச் சாயங்காலம், மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. சரி, இன்றைக்குக் காட்டிவிடலாம் என்று சென்னை ரேடார் படத்தைத் திரையில் போட்டேன். சித்தூருக்குக் கிழக்கே சிவப்பாக ஒரு திட்டு. முந்தைய படத்தையும் பக்கத்தில் வைத்து ஸ்கேலால் அளந்தார்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நேராக எங்களைப் பார்த்து வருகிறது, ஒரு மணி நேரத்தில் இங்கே என்று ஏகமனதாகத் தீர்ப்பு. எனக்கும் உற்சாகம் தாங்கவில்லை, விடுதிச் சமையல்காரருக்குப் போன் போட்டு மாடியில் காய்கிற மிளகாயை எல்லாம் வாரச் சொல்லிவிட்டேன். அவர் இரண்டு ஆளை வைத்து அரை மணி நேரம் வாரினார். மழை வரவில்லை. அந்தத் திட்டு வழியிலேயே கரைந்துபோய், தெற்கே திருத்தணிப் பக்கம் புதிதாக ஒன்று கிளம்பி அங்கே கொட்டியது. ஒரு வருடம் ஆகிறது, இன்னமும் அவர் என்னைப் பார்த்தால் "சார், இன்னைக்கு மிளகா போடலாமா?" என்கிறார்.

மழை வராததில் எனக்கு வருத்தம் இல்லை. நான்கு வாரம் சமன்பாடு எழுதிய பிறகும் ஒருவர்கூட "இந்தச் சிவப்பு தரைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறது" என்று கேட்கவில்லை. ஏன், நானே கேட்கவில்லை. சிவப்பென்றால் மழை, அவ்வளவுதான். இதை எப்படி உடைப்பது? இந்தப் பாடத்தை எடுத்தவர்கள், ரேடார் பக்கம் வேலை பார்த்தவர்கள், சும்மா மழை பார்க்கிறவர்கள், யாரானாலும் சொல்லுங்கள்.


தரைப்பாலம் | செவ்வாய், இரவு 10:05

மிளகாய்க் கதை பிரமாதம் சார். நான் ஊத்துக்கோட்டை. எங்களுக்கு ரேடார் மழைக்காக இல்லை, ஆற்றுக்காக. சின்ன வயதில் ஊரில் சொட்டு மழை இல்லாத நாளில் ஆரணியாறு பொங்கி தரைப்பாலம் மூழ்கிப் பார்த்திருக்கிறேன். மேலே ஆந்திராவில் பெய்து, பிச்சாட்டூர் ஏரி நிரம்பி, திறந்துவிட்டிருப்பார்கள். பள்ளிப்பட்டுக்காரர்களைக் கேட்டால் கொசஸ்தலையாற்றில் இதே கதையைச் சொல்வார்கள்.

அதனால் என் யோசனை, வரைபடத்தில் பிச்சாட்டூருக்கு எங்கெங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று பென்சிலால் ஒரு கோடு சுற்றச் சொல்லுங்கள். அப்புறம் தினமும் ரேடாரின் 24 மணி நேர மொத்த மழைப் படத்தில் அந்தக் கோட்டுக்குள் என்ன நிறம் என்று மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். ஊருக்கு மேல் இருக்கிற நிறத்தைப் பார்க்கிற பழக்கம் போகும். ஒன்று கவனம், நம் ஊரில் மழைக் கணக்கு காலை 8:30 முதல் மறுநாள் காலை 8:30 வரை. யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், அது 03:00. என் தம்பி ஒருமுறை யுடிசி நேரத்தை நம் நேரம் என்று நினைத்து, அப்போது பெய்துகொண்டிருந்த மழையை ஐந்தரை மணி நேரம் முன்னால் பெய்து ஓய்ந்தது என்று எண்ணி, ரெயின்கோட் இல்லாமல் கிளம்பினான்.


கோட்டுப்படம் | செவ்வாய், இரவு 10:31

என் கருத்து வேறு. படத்தைக் காட்டுவதே தப்பு. அந்தப் படம் யாரோ சமைத்துத் தட்டில் வைத்தது, அதில் உப்பு எவ்வளவு போட்டார்கள் என்று தின்கிறவனுக்குத் தெரியாது. மேக்ஸ் இசட் என்று வருகிறதே (இசட் என்பது எதிரொலியின் வலு), அது ஒவ்வொரு இடத்துக்கும் மேலே உள்ள எல்லா உயரத்திலும் எது அதிகமோ அதைப் பிடித்து ஒரே தாளில் ஒட்டியது. எட்டு கிலோமீட்டர் உயரத்தில் தொங்குகிற ஆலங்கட்டியும் அதில் சிவப்புத்தான், தரைக்குப் பக்கத்தில் கொட்டுகிற மழையும் சிவப்புத்தான். உங்கள் சித்தூர்த் திட்டு எந்த ரகம் என்று அந்தப் படத்தின் நடுப்பகுதியை மட்டும் பார்த்தால் கடவுளுக்கே தெரியாது.

முதல் நாளே மூலத்தரவைக் கொடுங்கள். ஆண்டெனா ஒரு திசையைப் பார்த்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரிசை, அதில் சில நூறு மீட்டருக்கு ஓர் எண், அப்படி ஒரு சுற்று முடிந்ததும் ஆண்டெனா கொஞ்சம் தலையைத் தூக்கி மறு சுற்று. இதை எண்களாகப் பார்த்த மாணவன் அதற்கப்புறம் படத்தை நம்பி ஏமாறமாட்டான். ரேடார் தரவைப் படிக்க பைத்தானில் பை-ஆர்ட் என்று ஒரு மென்பொருள் இலவசம், அமெரிக்காவில் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் எழுதியது. நெக்ஸ்ராட் என்கிற அமெரிக்க வானிலை ரேடார்களின் மூலத்தரவு 2015-இலிருந்து அமேசான் கிளவுடில் சும்மா கிடக்கிறது, கணக்குகூட வேண்டாம். நம்மூர் வேண்டுமென்றால் இஸ்ரோவின் மோஸ்டாக் தளத்தில் பதிவு செய்து தும்பா ரேடாரின் தரவை எடுக்கலாம்.


மாமரத்தடி | புதன், காலை 6:50

கோட்டுப்படம் தம்பி, நீங்கள் எங்கள் பக்கத்துக் கல்லூரி லேப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். முப்பது கம்ப்யூட்டரில் பதினொன்று ஓடும், அதில் நான்கில் கீபோர்டில் இசட் எழுத்து விழாது (சிரிக்காதீர்கள், இந்தப் பாடத்துக்கு அது முக்கியம்). பை-ஆர்ட் நிறுவவே இரண்டு வாரம் போகும், நிறுவி முடித்ததும் ரேடார் கற்றுக்கொண்டுவிட்டதாக ஒரு நிம்மதி வந்துவிடும், அது இன்னும் ஆபத்து.

நான் சத்தியவேடு பக்கம் பன்னிரண்டாம் வகுப்பு எடுக்கிறேன், ரேடார் எங்கள் பாடத்தில் இல்லை, ஆனால் மழைக்காலத்தில் ஒரு நாள் ஒதுக்குவேன். வரைதாள், பென்சில், இவ்வளவுதான். பீம், அதாவது ரேடார் அனுப்புகிற கற்றை, எவ்வளவு உயரத்தில் போகிறது என்று வரையச் சொல்வேன். ஆண்டெனா அரை டிகிரி தூக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பூமி உருண்டை, பீம் காற்றில் கொஞ்சம் வளைந்தாலும் பூமி அதைவிட வேகமாகக் கீழே விலகுகிறது. அதற்கு ஒரு சுலபக் கணக்கு, பூமியின் ஆரத்தை மூன்றில் நான்கு மடங்காக, அதாவது சுமார் 8,500 கிலோமீட்டராக வைத்துக்கொண்டு பீமை நேர்கோடாகப் போடுவது. 50 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 580 மீட்டர் உயரம் வரும். 100-இல் 1.46 கிலோமீட்டர். 150-இல் 2.6. 200-இல் 4.1. கடைசிப் புள்ளியை வைக்கும்போது எப்போதும் ஒரு பிள்ளை தலையைத் தூக்கி, "டீச்சர், அப்போ கீழே பெய்கிறதை யார் பார்ப்பாங்க?" என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் எனக்கு அன்றைய சம்பளம் செரித்துவிடும்.


நகரிமூக்கு | புதன், மதியம் 1:15

அக்கா, இன்று காலையிலேயே நகரிக்கு இதையே போட்டுப் பார்த்தேன், மலையையும் சேர்த்து. சென்னைத் துறைமுகத்து ரேடாரிலிருந்து நகரி சுமார் 80 கிலோமீட்டர். அரை டிகிரி பீமின் நடுக்கோடு அங்கே 1.07 கிலோமீட்டர் உயரத்தில் வருகிறது. ஆனால் பீம் என்பது கோடு இல்லையே, ஒரு டிகிரி அகலம் என்றால் 80 கிலோமீட்டரில் அதன் குறுக்களவே 1.4 கிலோமீட்டர். அடி விளிம்பு 370 மீட்டரில் போகிறது. நம் நகரி மூக்கு மலை 850 மீட்டருக்கு மேல். அப்படியானால் பீமின் கீழ்ப் பகுதி மூக்கிலேயே முட்டிக்கொள்கிறது!

இத்தனை வருடம் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் போயிருக்கிறேன், கடலில் வருகிற கப்பல்காரர்களுக்கு அது அடையாளம் என்று தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ரேடாருக்கும் அது அடையாளம் என்று இன்றுதான் உறைத்தது.


அலைநீளம் | புதன், இரவு 8:20

இழையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், மூக்கு மலை வந்ததும் கை சும்மா இருக்கவில்லை. ரேடாரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

உங்கள் கணக்கு சரி. ஆண்டெனா ஒரு கட்டடத்தின் உச்சியில் இருக்கும், அந்த உயரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். மலையில் முட்டினால் இரண்டு விஷயம் நடக்கும். மலையே எதிரொலி கொடுக்கும், நகராமல் ஒரே இடத்தில் நிற்கும், வேகம் பூஜ்யம். அதை மென்பொருள் வடிகட்டிவிடும். ஆனால் மலைக்குப் பின்னால் போக வேண்டிய சக்தி குறைந்துபோயிருக்குமே, அதைச் சுலபத்தில் திருப்பித் தர முடியாது. அதனால் மலைக்குப் பின்னால் உள்ள மழை உண்மையைவிடச் சோகையாகத் தெரியும். சாதாரண நாளில் எந்த மூலை எப்போதும் வெளிறி இருக்கிறது என்று ஒரு மாதப் படத்தை அடுக்கிப் பார்த்தால் நிழல் எங்கே விழுகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

இன்னொன்று. உங்கள் ஊருக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு, யாரும் சொல்லவில்லை. ஸ்ரீஹரிகோட்டா ரேடாரிலிருந்தும் நகரி ஏறக்குறைய அதே 80 கிலோமீட்டர்தான். இரண்டும் எஸ் பேண்ட், அதாவது பத்து சென்டிமீட்டர் அலை. ஒரே மழையை இரண்டு கண் இரண்டு பக்கத்திலிருந்து பார்க்கிறது. எத்தனை கல்லூரிக்கு இது வாய்க்கும்?

டாப்ளர், அதாவது காற்று ரேடாரை நோக்கி வருகிறதா விலகுகிறதா என்கிற வேகக் கணக்கு, அதைச் சொல்லித் தர இதைவிட்டால் வேறு உதாரணமே தேடாதீர்கள். கும்மிடிப்பூண்டியை எடுங்கள். சென்னைக்கு வடக்கே, ஸ்ரீஹரிகோட்டாவுக்குத் தெற்கே. தெற்கிலிருந்து வடக்கே காற்று அடிக்கிறது. சென்னை ரேடார் "என்னைவிட்டு விலகுகிறது" என்று கூட்டலில் காட்டும். ஸ்ரீஹரிகோட்டா "என்னை நோக்கி வருகிறது" என்று கழித்தலில் காட்டும். அதே காற்று, அதே நிமிடம். காற்று கிழக்கு மேற்காகத் திரும்பினால் அதன் வேகத்தில் பாதிகூட இரண்டிலும் தெரியாது. இந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல், "எது பொய்?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுங்கள். திரும்பி வரும்போது வகுப்பு அடித்துக்கொண்டிருக்கும்.


தரைப்பாலம் | புதன், இரவு 8:34

ஐயா, இப்படி ஒரு ஆளை ஒளித்து வைத்திருந்ததா இந்தக் குழுமம்!


மூன்றாமாண்டு | புதன், இரவு 9:10

வணக்கம் ஐயா, சார். நான் அந்த வகுப்பு இல்லை, வேறு கல்லூரி. மூன்று சந்தேகம். டிபிஸட் அளவில் மைனஸ் வருகிறதே, மைனஸ் மழை என்று ஒன்று உண்டா? 40 டிபிஸட் என்பது 20-க்கு இரண்டு மடங்கு மழையா? அப்புறம் போன வாரம் சூரியன் மறைகிற நேரத்தில் ரேடார் படத்தில் மேற்கே நூல் பிடித்த மாதிரி ஒரு நேர்கோடு வந்தது, அது என்ன?


அலைநீளம் | புதன், இரவு 9:55

கோடு சூரியனேதான் தம்பி. சூரியனும் மைக்ரோவேவ் அனுப்புகிறது, ஆண்டெனா நேராக அதைப் பார்க்கும் கணத்தில் அந்தத் திசை முழுக்கச் சத்தம் ஏறிவிடும். நாங்கள் அதை வைத்துத்தான் ஆண்டெனா சரியான திசையைப் பார்க்கிறதா என்று சோதிப்போம், பஞ்சாங்கத்தில் சூரியன் எங்கே இருக்கிறது என்று தெரியும் அல்லவா.

மைனஸ் பற்றி. டிபிஸட் ஒரு மடக்கை அளவு. இசட் 1 என்றால் 0 டிபிஸட், 100 என்றால் 20, 10,000 என்றால் 40. ஒன்றைவிடக் குறைந்தால் மைனஸ், பனிமூட்டம் மாதிரிப் பொடிப்பொடித் துளி. ஆக 20-க்கும் 40-க்கும் நடுவே இசட்டில் நூறு மடங்கு. இதற்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன், 20-க்கும் 40-க்கும் சராசரி என்ன? 30 என்று எழுதினால் முட்டை. 100-ஐயும் 10,000-ஐயும் கூட்டிப் பாதியாக்கு, 5,050, அதற்கு 37 டிபிஸட். இரண்டு படத்தைச் சேர்த்து மழைக் கணக்குப் போடும்போது பெரிய பெரிய ஆட்களே இதில் வழுக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

நூறு மடங்கு இசட் என்றால் நூறு மடங்கு மழையா என்றால், அதுவும் இல்லை. இங்கேதான் ரேடாரின் குணமே இருக்கிறது. துளியின் விட்டத்தின் ஆறாவது அடுக்கைத்தான் ரேடார் பார்க்கிறது. 4 மில்லிமீட்டர்த் துளி ஒன்று, 1 மில்லிமீட்டர்த் துளிகள் 4,096-க்குச் சமமாகக் கத்தும். தண்ணீராகப் பார்த்தால் அந்தப் பெரிய துளியில் 64 சின்னத் துளிக்கான தண்ணீர்தான். கூட்டத்தில் ஒருவன் கத்தினால் கூட்டமே கத்துகிற மாதிரி கேட்கிறது.

அதனால் இசட்டை மழையாக மாற்றும்போது எந்த மாதிரி துளிகள் என்று ஓர் ஊகம் வேண்டும். மார்ஷலும் பாமரும் கனடாவில் 1948-இல் வெளியிட்ட துளிக் கணக்கிலிருந்து வந்தது இன்னும் ஓடுகிறது, இசட் சமம் 200 பெருக்கல் மழை அளவின் 1.6 அடுக்கு. வெப்பமண்டல மழைக்கென்று 250-உம் 1.2-உம் போடுகிற வழக்கமும் உண்டு. 50 டிபிஸட்டை இரண்டிலும் போட்டுப் பார். முதலாவது மணிக்கு 49 மில்லிமீட்டர் என்கும். இரண்டாவது 147. ஒரே எதிரொலி! 30 டிபிஸட்டில் மட்டும் 2.7-உம் 3.2-உம், தகராறே இல்லை. மழை பெரிதாகப் பெரிதாக ஊகத்தின் விலை ஏறுகிறது.


கோட்டுப்படம் | புதன், இரவு 11:02

சரி, ஒப்புக்கொள்கிறேன், இதற்குப் பைத்தான் வேண்டாம், கால்குலேட்டர் போதும். ஆனால் டாப்ளர் மடிப்பு வரும்போது மூலத்தரவு இல்லாமல் முடியாது, அதைப் படத்தில் பார்த்தால் யாரோ பெயின்ட் சிந்திய மாதிரித்தான் தெரியும். நொடிக்கு 600 துடிப்பு அனுப்பினால் எஸ் பேண்டில் 250 கிலோமீட்டர் வரை பார்க்கலாம், ஆனால் நொடிக்கு 15 மீட்டருக்கு மேல் வேகத்தைச் சொல்ல முடியாது. 20 மீட்டர் வேகத்தில் விலகுகிற காற்றை 10 மீட்டர் வேகத்தில் நெருங்குவதாகச் சொல்லும். துடிப்பைக் கூட்டினால் வேகம் சரியாகும், தூரம் சுருங்கும். 2016 டிசம்பர் 12, வர்தா சென்னையைக் கடந்த அன்று காற்று மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல், அதாவது நொடிக்கு 28 மீட்டருக்கு மேல். ஒரே துடிப்பு வீதத்தில் பார்த்தால் அது மடிந்துதான் தெரியும், இரண்டு வீதத்தில் மாற்றி மாற்றி அனுப்பித்தான் பிரிக்க வேண்டும். அந்த மடிப்பைப் பிள்ளைகள் கையால் ஒருமுறை பிரித்தால் ஜென்மத்துக்கும் மறக்காது.


மாமரத்தடி | வியாழன், காலை 6:40

அதைத்தானே தம்பி நானும் சொல்கிறேன், கையால்! எட்டு எண் கொண்ட ஒரு வரிசையைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள், 11, 13, 14, மைனஸ் 14, மைனஸ் 12 என்று. எங்கே மடிந்தது, அதற்குப் பிறகு 30-ஐக் கூட்டினால் என்ன வருகிறது என்று பார்க்க கம்ப்யூட்டர் எதற்கு. ஒரு வரிசையைக் கையால் பிரித்தவன் லட்சம் வரிசைக்குக் கம்ப்யூட்டர் கேட்டு வரட்டும், அப்போது கொடுங்கள்.


பாவுக்காரர் | வியாழன், காலை 11:25

தம்பிகளா, நான் ஏகாம்பரகுப்பத்தில் தறி வைத்திருப்பவன். பையன்தான் இந்தப் பக்கத்தைக் காட்டினான். நீங்கள் சொல்வதில் பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. எனக்கு வேண்டியது சின்ன விஷயம். சாயம் தோய்த்த நூலைக் கொடியில் போட்டால் காய்கிற வரைக்கும் மழை கூடாது. சாயம் ஒழுகினால் ஒரு நாள் கூலி போச்சு. போனில் ரேடார் படம் பார்க்கப் பழகிக்கொண்டேன். சிவப்பைப் பார்த்து ஓடி ஓடி எடுப்பேன், ஒன்றும் வராது. போன ஐப்பசியில் பச்சைதானே என்று சும்மா இருந்தேன், நனைத்துவிட்டது. சிவப்புக்குக் காய்கிறது, பச்சைக்கு நனைகிறது, இது என்ன நியாயம்?


அலைநீளம் | வியாழன், மாலை 4:10

பெரியவரே, நீங்கள் கேட்டதுதான் இந்தப் பாடத்தின் முழுப் பரீட்சை.

சிவப்புக்குக் காய்ந்ததற்கு மூன்று காரணம் இருக்கலாம். மேலே சொன்ன மேக்ஸ் படமாக இருந்தால் அந்தச் சிவப்பு உயரத்தில் தொங்கியிருக்கும். வெயில் காலத்தில் கீழ்க்காற்று வறண்டிருந்தால் விழுகிற மழை தரை தொடுவதற்குள் ஆவியாகிவிடும், பீம் ஒரு கிலோமீட்டர் மேலே அதைப் பார்த்து முடித்துவிட்டது. மூன்றாவது, சார் மிளகாயை வாரின கதை. இடிமழை ஒன்று கொட்டும்போது குளிர்ந்த காற்றைக் கீழே தள்ளும், அது தரையோடு பரவி ஓடிப்போய் வேறு இடத்தில் ஈரக்காற்றைத் தூக்கிப் புது மேகத்தைக் கிளப்பும், தாய் மேகம் அதற்குள் செத்திருக்கும். அன்று திருத்தணியில் நடந்தது அதுவாகத்தான் இருக்கும் என்பேன். கீழ்ச் சுற்றுப் படத்தில் மட்டும் அந்தக் காற்றின் முன்விளிம்பு மயிரிழை மாதிரிப் பச்சைக் கோடாகத் தெரியும், பூச்சியும் தூசியும் அதில் சேர்ந்துகொள்வதால். கடல்காற்று உள்ளே ஏறும்போதும் அப்படி ஒரு கோடு வரும். அதைப் பார்க்கப் பழகினால் அடுத்த மழை எங்கே முளைக்கும் என்று ஓரளவுக்குச் சொல்லலாம்.

ஐப்பசிப் பச்சை வேறு ஜாதி. வடகிழக்குப் பருவமழையில் கடலிலிருந்து வருகிற மேகம் பல நேரம் தாழ்ந்தே இருக்கும், துளியும் பொடி. பொடித் துளி எவ்வளவு கூட்டமாக வந்தாலும் ரேடாருக்குச் சத்தம் குறைவு. நூலுக்கு அந்தக் கணக்குத் தெரியாது, நனைந்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் பச்சைக்கும் எடுங்கள். ஆடி ஆவணியில் ஒரு படத்தை நம்பாமல் கடைசி நான்கைப் பாருங்கள், வளர்கிறதா தேய்கிறதா என்று. ரேடார் ஒரு முறை எல்லா உயரத்தையும் சுற்றி முடிக்கவே பத்து நிமிடம் ஆகும், தளத்தில் ஏற இன்னும் கொஞ்சம், ஆகவே நீங்கள் பார்ப்பது எப்போதும் பழையது.


சும்மாவந்தவன் | வியாழன், மாலை 5:02

ஆப் இருக்கே, "23 நிமிஷத்தில் மழை"னு சொல்லுதே, எதுக்கு இவ்ளோ?


தரைப்பாலம் | வியாழன், மாலை 5:20

அதே ஆப்தான் 2023 டிசம்பரில் மிக்ஜாம் கடலில் நின்று சுற்றிக்கொண்டிருந்தபோது எனக்கு "இன்னும் 15 நிமிடத்தில் நிற்கும்" என்று இரண்டு நாள் சொன்னது. சில ஆப்களில் ரேடார் என்று காட்டுவது ரேடாரே இல்லை தம்பி, செயற்கைக்கோளும் கணினிக் கணிப்பும் கலந்து வழவழவென்று தேய்த்தது. ஆண்டெனா சுழன்ற தடம் படத்தில் தெரிகிறதா பார்.


நகரிமூக்கு | வெள்ளி, இரவு 10:48

எல்லோருக்கும் நன்றி. முடிவு பண்ணிவிட்டேன். முதல் வாரம் அக்காவின் வரைதாள், நகரி மூக்கையும் சேர்த்து. இரண்டாம் வாரம் கும்மிடிப்பூண்டி, "எது பொய்", டீ. கரும்பலகை மடிப்பு மூன்றாம் வாரம். பைத்தான் ஏழாம் வாரத்துக்குத் தள்ளப்பட்டது, கோட்டுப்படம் மன்னிக்கவும், அதற்குள் இசட் கீயைச் சரிபண்ணச் சொல்லியிருக்கிறேன்.

துளி அளவுக்கு ஒரு யோசனை வந்தது. மார்ஷல் கூட்டத்தார் அந்தக் காலத்தில் வடிதாளில் சாயப்பொடி தடவி, மழையில் ஒரு கணம் நீட்டி, விழுந்த கறையின் அளவை வைத்துத்தான் துளியை அளந்தார்கள். நமக்குச் சாயத்துக்கா பஞ்சம்? பெரியவரே, ஒரு கைப்பிடி நீலம் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் மாவுத் தட்டு இருக்கிறது, வெர்மான்ட்டில் பென்ட்லி 1904-இலேயே மைதாவில் துளியை விழவைத்து உருண்டையை அளந்து எழுதியிருக்கிறார். மைதாவைச் சமையல்காரரிடம்தான் கேட்க வேண்டும், அதுதான் தயக்கம்.


பாவுக்காரர் | சனி, காலை 7:15

நீலம் என்ன தம்பி, எல்லாக் கலரும் தருகிறேன். பசங்களை அனுப்புங்கள். மொட்டை மாடியும் இருக்கிறது.


நகரிமூக்கு | எட்டு நாள் கழித்து, ஞாயிறு, இரவு 9:30

சின்ன அறிக்கை. ஐந்து இடத்தில் நேர்ச் சுவர் டின் வைத்தோம், வாய் அகலமும் அடி அகலமும் ஒன்றாக இருக்கிற பழைய பிஸ்கட் டின், உள்ளே ஸ்கேல் விட்டு அளந்தால் நேராக மில்லிமீட்டர். நேற்றுச் சாயங்காலம் ஒரு நல்ல மழை. ரேடார் படத்திலிருந்து மார்ஷல்-பாமர் வைத்துப் பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். கல்லூரி மாடியில் ரேடார் 9, டின் 11. விடுதியில் 6-க்கு 5. ரயிலடி அருகே 8-க்கு 10. கிழக்கே ஒரு மாணவி வீட்டில் ரேடார் பூஜ்யம், டின்னில் 1. ஆனால் ஏகாம்பரகுப்பம், பெரியவர் வீட்டு மாடியில், ரேடார் 11 என்கிறது, டின்னில் 24!

வகுப்பில் ஒரே கொண்டாட்டம். இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதியிருக்கிறார்கள், மூக்கு மலையின் நிழல், பெரிய மழையில் ஊகம் தவறியது, 250-உம் 1.2-உம் போட்டால் 24-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது என்று வரைபடத்தோடு. படித்துவிட்டு எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அலைநீளம் ஐயா பார்த்துச் சொல்ல வேண்டும்.


அலைநீளம் | ஞாயிறு, இரவு 10:12

எழுதியது நன்றாக இருக்கிறது. மற்ற நான்கு டின்னுக்கும் அதே 250, 1.2 போட்டால் என்ன வருகிறது என்று கேட்டீர்களா?


பாவுக்காரர் | திங்கள், காலை 6:58

தம்பி, பசங்க டின் வைத்த இடத்தை இன்று காலையில்தான் பார்த்தேன். மாடியில் சாயத்தொட்டிக்குப் போட்ட தகரக் கூரை இருக்கிறதல்லவா, அதன் ஓரத்துச் சொட்டு நேராக டின்னுக்குள்தான் விழுகிறது. நான்கடி தள்ளி வைத்திருக்கிறேன்.